பட்டா எண்ணைத் தட்டியதும் உங்கள் நிலம் திரையில் வருவது எப்படி?

உங்கள் செல்போனில் தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவை இணையதளத்தைத் திறந்திருக்கிறீர்களா? மாவட்டம் கன்னியாகுமரி, வட்டம் தோவாளை, அப்புறம் கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் சில நொடிகளில் பட்டா திரையில் வந்துவிடும். முன்பெல்லாம் இதற்காகவே பூதப்பாண்டிக்கோ தக்கலைக்கோ பஸ் ஏறிப் போய், பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கணும்.

சரி, இத்தனை லட்சம் பதிவுகளில் உங்களுடையது மட்டும் எப்படிச் சரியாக வருது? அதற்குப் பின்னால் இருப்பது ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’, அதாவது தொடர்புறு தரவுத்தளம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இதன் அடிப்படை புரிந்தால், பட்டாவில் ஒரு பிழை வந்தால் எங்கே, எதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எல்லாமே டேபிள்தான்

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். மேலே தலைப்புகள்: புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, பரப்பு, தீர்வை, பட்டா எண். கீழே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வரி. கணினியிலும் இதே அமைப்புதான். தலைப்பு ஒவ்வொன்றும் ஒரு பத்தி, நிலம் ஒவ்வொன்றும் ஒரு வரி, மொத்தமாகச் சேர்ந்தால் ஒரு டேபிள்.

1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணினி அறிஞர் இந்த முறையை முன்வைத்தார். அதற்கு முன்பு, கணினியில் ஒரு தகவலை எடுக்க அது எந்த இடத்தில், எந்தப் பாதையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்கணும். எந்த அலமாரியில் எந்தக் கட்டு என்று ஒரே ஒரு பழைய எழுத்தருக்கு மட்டும் தெரிந்த ஆபீஸ் மாதிரி. ‘என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும்’ என்பதுதான் காட் சொன்னதன் சாரம். அப்படிக் கேட்பதற்காக உருவான மொழிதான் எஸ்.க்யூ.எல். நீங்கள் திரையில் கிராமத்தையும் புல எண்ணையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தும்போது, உங்கள் சார்பில் இப்படியொரு கேள்விதான் உள்ளே போகிறது.

ஏன் இத்தனை விவரம் கேட்கிறது?

‘என் பேரைப் போட்டால் போதாதா?’ என்று தோன்றலாம். நம்ம ஊரில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். விளவங்கோடு பக்கம் வீட்டுப்பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். ஆகவே பெயரை வைத்து ஒரு பதிவைப் பிரித்து அடையாளம் காண முடியாது.

புல எண் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் புல எண் 1-லிருந்துதான் தொடங்கும். 215 என்ற எண் பல கிராமங்களில் இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ‘இந்த ஒரு நிலம், வேறெதுவும் இல்லை’ என்று உறுதியாகிறது. இப்படி ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்துக்கு ‘பிரைமரி கீ’, அதாவது முதன்மைத் திறவு என்று பெயர். இணையதளம் உங்களிடம் ஐந்தையும் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு தகவலுக்கு ஓர் இடம்

உதாரணத்துக்கு, உங்கள் அப்பாவுக்கு ஒரே கிராமத்தில் மூன்று இடத்தில் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வயல், ஒரு தென்னந்தோப்பு, ஒரு வாழைத்தோட்டம். மூன்று வரியிலும் அவர் பெயரை எழுதினால் என்ன ஆகும்? ஒன்றில் ‘செல்லப்பன்’, இன்னொன்றில் ‘செல்லையன்’ என்று விழுந்துவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஒன்றைத் திருத்தினாலும் மற்றது அப்படியே கிடக்கும்.

அதனால் தகவலைப் பிரித்து வைக்கிறார்கள். நிலங்களுக்கு ஒரு டேபிள், பட்டாக்களுக்கு ஒரு டேபிள், உரிமையாளர்களுக்கு ஒரு டேபிள். நில டேபிளில் பெயரே இருக்காது, பட்டா எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பட்டா டேபிளுக்கும், அங்கிருந்து உரிமையாளர் டேபிளுக்கும் கணினி போகும். ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் இந்த எண் ‘ஃபாரின் கீ’. ஒரே தகவல் பல இடத்தில் கிடக்காமல் பிரித்து ஒழுங்குபடுத்துவதற்கு ‘நார்மலைசேஷன்’ என்று பெயர். அரசு மென்பொருளின் உள்ளமைப்பு இதைவிட விரிவானதாக இருக்கும், ஆனால் அடிப்படைத் தத்துவம் இதுதான்.

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. பட்டா டேபிளில் இல்லாத ஒரு எண்ணை நில டேபிளில் எழுத விடாது. ஒரு பட்டாவில் இன்னும் நிலம் இருக்கும்போது அந்தப் பட்டாவை அழிக்கவும் விடாது.

கூட்டுப்பட்டா எப்படி? அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் ஒரே பட்டா. அவர்களில் தங்கைக்குத் தனியாக வேறொரு பட்டாவும் இருக்கிறது. ஒரு பட்டாவுக்குப் பல பேர், ஒரு ஆளுக்குப் பல பட்டா. இதற்கு நடுவில் ஓர் இணைப்பு டேபிள் போடுவார்கள். ‘இந்தப் பட்டா, இந்த ஆள்’ என்று ஜோடி ஜோடியாக அதில் வரிகள் இருக்கும். தங்கையின் பெயர் கூட்டுப்பட்டாவில் விட்டுப்போயிருந்தால், அந்த இணைப்பு டேபிளில் அவருடைய வரி இல்லை என்று அர்த்தம். ஒரு வரிதானே என்று விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் பட்டாவில் அவருக்குப் பங்கு இருப்பதே தெரியாது.

ரேஷன் கார்டிலும் இதே கணக்குதான்

கல்யாணம் முடிந்து புது கார்டுக்கு விண்ணப்பித்தால், ‘முதலில் அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்குங்கள்’ என்று சொல்வார்கள். இது வீண் அலைக்கழிப்பு இல்லை. ஒரு ஆதார் எண் ஒரே ஒரு குடும்ப அட்டையில்தான் இருக்கலாம் என்பது விதி. பழைய கார்டில் பெயர் இருக்கும்வரை புதிய கார்டில் ஏறாது.

பாதியில் கரண்ட் போனால்?

இப்போது நம்ம கற்பனை நிலத்தையே பிரிப்போம். புல எண் 215/3, பரப்பு 40 சென்ட், பட்டாக் கணக்கில் 16.19 ஏர். அதில் 25 சென்ட் அண்ணனுக்கு, அதாவது 10.12 ஏர். 15 சென்ட் தங்கைக்கு, அதாவது 6.07 ஏர். கணினியில் செய்ய வேண்டியது மூன்று வேலை: பழைய 215/3-ஐ முடிக்கணும், அண்ணனுக்கு ஒரு புது உட்பிரிவு எழுதணும், தங்கைக்கு ஒன்று எழுதணும்.

அண்ணனுடையதை எழுதி முடித்த நேரத்தில் மழைக்கு மின்சாரம் போய்விட்டால்? தங்கையின் 15 சென்ட் காற்றோடு போய்விடுமா? போகாது. மூன்று வேலையையும் ஒரே கட்டாகத்தான் தரவுத்தளம் பார்க்கும். மூன்றும் முடிந்தால் ஏற்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காத பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதற்கு ‘டிரான்சாக்ஷன்’ என்று பெயர். நீங்கள் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது வங்கியின் கணக்குப் பதிவுகளைக் காப்பதும் இதே ஏற்பாடுதான். இரண்டு பங்கையும் கூட்டினால் பழைய பரப்பு வருகிறதா என்று சரிபார்க்கும்படியும் விதி வைக்க முடியும்.

சில நொடியில் தேடுவது எப்படி?

ஒவ்வொரு வரியாகப் படித்தால் நேரம் ஆகும். அதனால் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, கிராமம், புல எண் வாரியாக ஒரு ‘இண்டெக்ஸ்’ தயாராக இருக்கும். கணினி முதலில் அதைப் பார்த்து, நேராக உங்கள் வரிக்குப் போய்விடும்.

கணினிக்குத் தெரியாதது

டேபிள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், உள்ளே போட்டது தவறென்றால் வெளியே வருவதும் தவறுதான். குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணையும் முன்பு இது திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த பகுதி. அந்தக் காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சில பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். ‘1120 மாசி’ என்று இருந்தால் அது 1945. அப்படியே 1120 என்று எழுதினால் 825 வருஷம் பின்னால் போய்விடும். தேதிக்கான பத்தியில் தேதியைத்தான் எழுத முடியும் என்று கணினிக்குத் தெரியும். அது எந்த ஆண்டுமுறை என்பது மனிதருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கணினிக்குத் தானாகத் தெரியாது: தாத்தா இறந்துபோனது. யாரும் விண்ணப்பிக்காவிட்டால், அவர் மறைந்து முப்பது வருஷம் ஆனாலும் பட்டா அவர் பெயரில்தான் இருக்கும். அந்த நிலத்தை வைத்துக் கடன் வாங்கவோ, விற்கவோ போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது உறைக்கிறது. அதற்குள் வாரிசுகள் பெருகி, கையெழுத்து வாங்க வேண்டிய ஆட்களும் பல ஊர்களில் இருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்த வாரமே உங்கள் பட்டாவை ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். கூட்டுப்பட்டா என்றால் பங்குதாரர் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பிழை இருந்தால், எந்த விவரத்தில் பிழை என்று குறிப்பிட்டு இ-சேவை மையம் வழியாகவோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுங்கள். ‘பட்டா தப்பா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘புல எண் சரி, பரப்பு சரி, உரிமையாளர் பெயரில் எழுத்துப்பிழை’ என்று சொன்னால் வேலை சுலபம். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் என்று கேளுங்கள். நில அளவர் வந்து அளந்த பிறகே அது முடியும்.

மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவுக்கு அதுதான் பிரைமரி கீ.