உங்களுக்குத் தெரியுமா? கடற்கரையில் ஒரு பழங்காடு

வேல்ஸ் நாட்டின் போர்த் கடற்கரையில் ஓதம் நன்றாக வடிந்தால், மணலில் ஒரு காடே தலைகாட்டும்! ஓக், பைன், பிர்ச், ஆல்டர் மரங்களின் அடிக்கட்டைகள் அவை. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பட்டுப்போனவை. வேர்களோ இன்னும் மண்ணைப் பற்றியபடி இருக்கின்றன.

ஏன் மக்கவில்லை? கடல்மட்டம் உயர உயர, காடு சதுப்பானது. மரங்கள் பட்டுப்போக, அடிக்கட்டைகளை ‘பீட்’ எனும் கரிய சதுப்பு மண் மூடியது. அதில் காற்று புகாததால், மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களால் அங்கே பெருக முடியவில்லை. அந்த மண்ணில் பழங்கால மனிதர், விலங்குகளின் காலடித் தடங்கள்கூடப் பதிந்திருக்கின்றன.

2014-இல் வீசிய புயல்கள் மணலை வாரிச் செல்ல, காட்டின் பெரும்பகுதி வெளிப்பட்டது. கடல்கொண்ட ‘கான்ட்ரெர் க்வைலோட்’ நாட்டைப் பற்றி வேல்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதையோடு இந்தக் காட்டையும் சேர்த்தே பேசுகிறார்கள்.