உங்களுக்குத் தெரியுமா? சுண்டெலிக்கு வந்த மாரடைப்பு!

சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்? சொல்லுங்கள் பார்க்கலாம். ஏறக்குறைய 600 முறை! அதாவது ஒரு விநாடிக்குள் பத்துத் துடிப்பு. நமக்கு நிமிடத்துக்கே 70 சொச்சம்தான்!

அந்த இதயத்தின் எடை? ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு! பார்க்க ஒரு பச்சைப் பட்டாணி மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே நான்கு அறைகள், நான்கு வால்வுகள். நமக்கு உள்ளது எல்லாம் அதற்கும் உண்டு!

சுண்டெலி உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள்தான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு 15 முதல் 20 மில்லி வரை இறைத்துத் தள்ளுகிறது. அதே ரத்தம் ஒரு நிமிடத்தில் எட்டு, ஒன்பது முறை உடம்பைச் சுற்றி வந்துவிடுகிறது! சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு? ஒரே ஒரு சுற்று!

இதைக் கேளுங்கள். சுண்டெலிக்குத் தானாக மாரடைப்பு வருவதே அபூர்வம்! அதன் ரத்தத்தில் நல்ல கொலஸ்டிரால்தான் அதிகம். குழாயில் கொழுப்பு படிவதில்லை. 1992-இல் ஏபோ-இ என்ற ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்தார்கள். உடனே கதை மாறியது, குழாய்களில் கொழுப்பு திட்டுத் திட்டாகப் படியத் தொடங்கியது! இப்படிச் சுண்டெலியின் மரபணுவை மாற்றும் முறைக்காக ஆலிவர் ஸ்மித்தீஸ் 2007-இல் நோபல் பரிசே வாங்கினார்!

அப்படியானால் ஆய்வகத்தில் மாரடைப்பை எப்படி வரவழைக்கிறார்கள்? ஒரு நூலால்! முதலில் மயக்க மருந்து கொடுத்து, செயற்கை சுவாசம் வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நெஞ்சைத் திறக்கிறார்கள். பிறகு இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயை நூலால் ஒரு முடிச்சு! நம் ஊர் ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் ‘எல்.ஏ.டி. அடைப்பு’ என்று எழுதுகிறார்களே, அதே குழாய்தான். நூலின் தடிமன் 0.04 மில்லிமீட்டர் சொச்சம். உங்கள் தலைமுடி இதைவிடத் தடிமன்!

இதில் பெரிய ஆச்சரியம், அந்தக் குழாய் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது! மனித இதயத்தில் அது மேற்பரப்பில் ஓடும். சுண்டெலியில் தசைக்குள் புதைந்து கிடக்கும். இடது மேலறையின் நுனியை அடையாளமாக வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாக ஊசியைச் செலுத்துகிறார்கள். என்ன கை அது! முடிச்சு சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? சில விநாடிகளில் அந்தப் பக்கத் தசை வெளுத்துவிடும். ஈசிஜியில் ‘எஸ்.டி.’ கோடு மேலே ஏறும். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் தேடுவதும் இதே ஏற்றத்தைத்தான்!

சுண்டெலி போன்ற சிறு பிராணிகளுக்கு இப்படிக் குழாயைக் கட்டும் முறை எப்போது வெளியானது தெரியுமா? 1954-இலேயே!

சுண்டெலிக்கு எக்கோ எடுக்கிறார்கள், நம்புவீர்களா? மார்பு முடியை கிரீம் தடவி நீக்குகிறார்கள். சூடான மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். நான்கு பாதங்களையும் மின்முனைகளில் டேப் போட்டு ஒட்டினால் அதுவே ஈசிஜி! நமக்கு எக்கோ எடுக்கும் கருவியின் அலைவரிசை 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். சுண்டெலிக்கு 30 முதல் 40 வரை!

‘பம்பிங் எவ்வளவு?’ என்று நம் ஆட்கள் டாக்டரிடம் கேட்பார்களே, அதே கணக்குதான் இங்கேயும். நல்ல சுண்டெலிக்கு 60 சதவீத வாக்கில் இருக்கும். பெரிய அட்டாக் என்றால் நான்கே வாரத்தில் 30-க்குக் கீழேகூட இறங்கிவிடும். கூடவே இடது கீழறை பலூனாக ஊதிவிடும். சுவர் மெலிந்துபோகும். மனிதருக்கு மாதக்கணக்கில் நடக்கும் மாற்றம், இங்கே ஒரு மாதத்துக்குள் கண்முன்னே நடந்து முடிகிறது!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மயக்க மருந்து மாறினால் கணக்கே மாறிவிடும்! கெட்டமின், சைலசின் கலவை கொடுத்தால் துடிப்பு 300-க்குக் கீழேகூடப் போய்விடும். நல்ல இதயமும் நோயாளி இதயமாகத் தெரியும். அதனால்தான் பல ஆய்வகங்கள் ஐசோஃபுளூரேன் வாயுவைக் கொடுத்து, துடிப்பை 400, 500-க்குக் குறையாமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கின்றன!

எவ்வளவு தசை செத்தது என்று பார்க்க மூன்றே நிறம் போதும். ரத்தம் தடைபடாத பகுதி நீலம். தடைபட்டும் பிழைத்துக்கொண்ட பகுதி சிவப்பு. செத்த பகுதி வெள்ளை. இரண்டே இரண்டு சாயம், மொத்த வரைபடமும் ரெடி!

மாரடைப்பைத் தாங்கிய சுண்டெலிக்கு மிகப் பெரிய கண்டம் முதல் நாள் இல்லை. 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள்! செத்த தசையை வெள்ளணுக்கள் அரித்து அகற்றியிருக்கும், தழும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. அந்த இடைவெளியில் இதயச் சுவரே கிழிந்துவிடலாம். அதிலும் ஆண் சுண்டெலிக்குத்தான் ஆபத்து அதிகம்!

மண்ணீரலுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? 2009-இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலியில் கண்டுபிடித்தார்கள். மோனோசைட் வெள்ளணுக்கள் மண்ணீரலில் பெரும் படையாகப் பதுங்கியிருக்கின்றன. இதயத்தில் அடைப்பு வந்ததும் அங்கிருந்து கிளம்பி இதயத்துக்கு ஓடுகின்றன! அதுவரை ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும்தான் இவற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்!

அதே அணுக்கள் மூளைக்கும் போகின்றன! இது 2024-இல் வந்த சேதி, நியூயார்க்கின் மவுன்ட் சினாய் குழு கண்டது. மாரடைப்பு வந்த சுண்டெலியின் மூளைக்குள் மோனோசைட்டுகள் நுழைந்து ஆழ்ந்த தூக்கத்தை வரவழைக்கின்றன. தூங்கத் தூங்க இதயத்தை விரட்டும் நரம்புகளின் ஆட்டம் அடங்குகிறது. இதயத்தில் வீக்கமும் குறைகிறது. தூக்கத்தைக் கலைத்துப் பார்த்தார்கள். இதயம் இன்னும் மோசமானது! அட்டாக் வந்து வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிக்கப் போகிறவர்களே, தயவுசெய்து அவரைத் தூங்க விடுங்கள்!

நேரமும் முக்கியம்! சுண்டெலி தூங்கி எழும் வேளையில் அடைப்பு வந்தால், தூங்கப் போகும் வேளையில் வருவதைவிடச் சேதம் 3.5 மடங்கு!

சின்னச் சின்ன அடைப்பு இதயத்தைக் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா? 1986-இல் அமெரிக்காவில் நாய்களிடம் செய்து பார்த்தார்கள். முதலில் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை குழாயை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிட முழு அடைப்பு. செத்த தசை வழக்கத்தில் நாலில் ஒரு பங்குதான்! அதன்பின் சுண்டெலியிடம் பார்த்தாலும் இதே வித்தை!

பாம்பு விஷத்தில் தொடங்கி, பெரிய எலி வழியாக மனிதரிடம் வந்த மருந்து ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்! பிரேசில் நாட்டுக் குழிவிரியனின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது கேப்டோபிரில். முதலில் வெறும் பிரஷர் மாத்திரை. மார்க் ஃபெஃபர், ஜேனிஸ் ஃபெஃபர் தம்பதியும் யூஜின் பிரான்வால்டும் மாரடைப்பு வந்த எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். இதயம் ஊதிப்போவது குறைந்தது. ஆயுள் கூடியது! 1985-இல் இந்த முடிவு வெளிவந்தது. அடுத்து 2,231 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதனை. எல்லோருக்கும் பம்பிங் 40 சதவீதமோ அதற்கும் கீழோ! 1992-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது!

உங்கள் இதயத் தசை அணுக்களின் வயதை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அணுகுண்டு சோதனையை வைத்து! பனிப்போர்க் காலச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது மனித அணுக்களின் டி.என்.ஏ.விலும் பதிந்தது. அதை 2009-இல் சுவீடன் விஞ்ஞானிகள் அளந்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதத் தசை அணுக்கள் புதிதாகின்றன. 75 வயதில் 0.45 சதவீதம்தான்!

ஆனால் பிறந்த குட்டிச் சுண்டெலியைப் பாருங்கள்! 2011-இல் டல்லாஸ் நகரில், ஒரு நாள் வயதான குட்டியின் இதய நுனியில் சுமார் 15 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். 21 நாளில் அது திரும்ப வளர்ந்துவிட்டது! தழும்பு தேடினாலும் அகப்படவில்லை. இதயமும் ஒழுங்காகத் துடித்தது. அதே வெட்டை ஏழு நாள் வயதுக் குட்டிக்குச் செய்தால்? வெறும் தழும்புதான்! அந்த அற்புத சக்திக்கு ஆயுள் ஒரே வாரம்!

தழும்பையே தசையாக மாற்றவும் முடியும்! 2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடிபட்ட சுண்டெலி இதயத்துக்குள் மூன்றே மூன்று மரபணுக்களை அனுப்பினார்கள். தழும்பு போடும் அணுக்களில் ஒரு பகுதி துடிக்கும் தசை அணுக்களாக மாறியது. பம்பிங்கும் கூடியது!

இன்னும் ஒன்று பாக்கி. வளர்ந்த சுண்டெலிக்கு அந்தக் குட்டிப் பருவ சக்தியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதே டல்லாஸ் குழு 2017-இல் ஒரு வழி சொன்னது. மாரடைப்பு வந்த சுண்டெலிகளின் கூண்டில் தினமும் 1 சதவீதமாக ஆக்சிஜனைக் குறைத்தார்கள். கடைசியில் இரண்டு வாரம் மிகக் குறைந்த அளவிலேயே வைத்தார்கள். இதயத் தசை அணுக்கள் மறுபடி பிரியத் தொடங்கின, தழும்பு குறைந்தது, பம்பிங் ஏறியது! இதய நோயாளிகள் யாரும் இதை வீட்டில் முயன்று பார்த்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஏனென்றால் அந்தக் கூண்டில் மிச்சமிருந்த ஆக்சிஜன் வெறும் 7 சதவீதம். கிட்டத்தட்ட எவரெஸ்ட் உச்சியில் மூச்சுவிடுவது போல!