அருங்காட்சியகத்தில் உரையும் இசையும் எதற்கு?

அருங்காட்சியகம் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம் என்பதே பலரது எண்ணம். கண்ணாடிப் பெட்டிகள், பக்கத்தில் சிறிய எழுத்தில் விளக்க அட்டைகள், 'தொடாதீர்கள்' என்ற அறிவிப்பு. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அப்படியிருக்க, சிறிய வரலாற்று அருங்காட்சியகங்கள் பொது உரைகளையும் இசை நிகழ்ச்சிகளையும் எதற்காக நடத்துகின்றன? கூட்டம் சேர்க்கத்தானா?

கூட்டம் சேர்வதும் ஒரு காரணம்தான். ஆனால் தமிழர்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் வரலாற்றில் பெரும்பகுதி பொருளாக எஞ்சவில்லை. அது பெரியவர்களின் பேச்சிலும் பாட்டிலும்தான் இருக்கிறது.

எது எஞ்சியது, எது எஞ்சவில்லை?

சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலிருந்து சில நிமிட நடையில், கேம்பல் லேனில் அமைந்துள்ளது இந்திய மரபுடைமை நிலையம். 2015 மே 7-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த நான்கு மாடிக் கட்டடத்தின் முகப்பு, வட இந்தியப் படிக்கிணறுகளின் அமைப்பைத் தழுவியது. உள்ளே ஐந்து நிரந்தரக் காட்சிக்கூடங்கள் உள்ளன. அங்கே எல்லார் கண்ணிலும் படும் பொருள்களில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு வீட்டு வாசல். மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது.

அந்த வாசல் இன்றுவரை நிலைத்ததற்குக் காரணம், அது வசதியான குடும்பத்து வீட்டின் வாசல். சொந்த வீடும் சொந்த நிலமும் இருந்தால் பொருள் தலைமுறை தாண்டும்.

விடியலுக்கு முன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளிகளைத் தோளில் சுமந்த குடும்பத்தின் கதை வேறு. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பால்வெட்டும் உளி தேய்ந்து போனது. சேலை கிழிந்து தொட்டில் துணியானது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், பிறகு வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபோது, லாரியில் ஏற்ற முடிந்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தோட்டங்களின் பெயரும் அப்படித்தான். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் இருக்கும். மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் புழங்கும். மைல்கல்லை வைத்து 'மூணாங்கட்டை', 'ஆறாங்கட்டை' என்று அழைத்த ஊர்கள் எத்தனையோ. அந்தப் பெயர்களில் பல எந்த வரைபடத்திலும் இல்லை. சொல்லத் தெரிந்தவர் இருக்கும்வரைதான் அவை இருக்கும்.

பட்டணத்துத் தமிழர் நிலையும் பெரிதாக வேறுபட்டதல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. அந்தக் கட்டடங்கள் இன்று இல்லை. அங்கே கணக்கு எழுதியவர்களும் சமைத்துப் போட்டவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கட்டடத்தின் புகைப்படம் மட்டும் சொல்லிவிடாது.

உரையில் என்ன கிடைக்கிறது?

அருங்காட்சியக உரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தையொட்டி அமையும். ஆய்வாளர், காப்பாளர், பழம்பொருள் சேகரிப்பவர் என யாராவது படங்களுடன் பேசுவார். அதன் பின்னர் கேள்வி நேரம். பலர் அப்போது எழுந்து போய்விடுவது வழக்கம். ஆனால் அருங்காட்சியகத்துக்குப் பல நேரங்களில் அதுதான் பயனுள்ள நேரம்.

திரையில் ஒரு பழைய படம் காட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்தில் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று மட்டும் இருக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், பின்னால் தெரிவது ஆயாக்கொட்டகை என்றோ, குடையுடன் நிற்பவர் கிராணி என்றோ சொன்னால் அந்தப் படத்தின் மதிப்பே மாறிவிடும். அவரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, பிறகு முறையாகப் பேட்டி எடுக்கலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கப்பல் சீட்டோ பழைய அடையாள அட்டையோ இப்படித்தான் வெளியே வரும்.

இப்படிப்பட்ட நேர்காணல்களைத் தொகுக்க சிங்கப்பூர் 1979-ஆம் ஆண்டிலேயே தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. எழுதத் தெரியாதவரின் நினைவும் ஆவணம்தான் என்பதே அதன் அடிப்படை.

இதன் அருமை சயாம் மரண ரயில் விஷயத்தில் தெளிவாகத் தெரியும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே உழைத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், பின்னாளில் நூல்கள் வெளியிட்டார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை. திரும்பி வந்தவர்கள் பிள்ளைகளிடம் சொன்னதுதான் அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம்.

இசை எப்படி வரலாறாகும்?

உறுமியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது தோல் போர்த்திய மரம், அவ்வளவுதான். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலைக் கேட்டால்தான் அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது புரியும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அது ஏன் தேவைப்பட்டது, யார் வாசித்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதையெல்லாம் வாசிப்பவரே இடையிடையே விளக்கினால் அரை மணி நேரத்தில் ஒரு பாடமே நடந்துவிடும்.

இதற்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு மலாக்கா செட்டி சமூகம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி, சமயம் சைவம். மலாக்காவில் 1781-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இவர்களுடையது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் இவர்களது சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்கே காட்சிக்கு உள்ள சாரோங்கையும் கெபாயாவையும் பார்ப்பவர், இது நோன்யா உடை என்று நினைத்து நகர்ந்துவிடலாம். ஆனால் செட்டிகள் 'டொண்டாங் சாயாங்' பாடுவதைக் கேட்டவருக்கு அந்தச் சந்தேகம் வராது. வயலினும் ரெபானாவும் கோங்கும் ஒலிக்க, இருவர் மாறி மாறி மலாய்ப் பந்துன் கட்டிப் பாடுவது இக்கலை. பொங்கலும் தீபாவளியும் கொண்டாடும் ஒரு சமூகம் மலாய்ப் பந்துனில் இவ்வளவு சரளமாக இருப்பதைக் கேட்கும்போது, பல நூற்றாண்டுக் கலப்பு என்றால் என்ன என்பது விளங்கும். மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகங்கள் பேணும் இக்கலையை யுனெஸ்கோ 2018-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையமும் மலாக்கா செட்டிகள் பற்றி ஒரு சிறப்புக் கண்காட்சி நடத்தியது.

சிறிய இடத்தின் வசதியும் குறையும்

பெரிய அரங்கில் பேசுபவர் மேடையில் இருப்பார். கேட்பவர் இருட்டில் இருப்பார். சிறிய அருங்காட்சியகத்தில் இரண்டுக்கும் இடைவெளி அதிகமில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பேச்சாளருடன் காட்சிக்கூடத்துக்கே போய் அந்தப் பொருளின் முன் நின்று பேசலாம். பொங்கல், தீபாவளி, ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழா என்று ஆண்டு முழுவதும் வாய்ப்புகள் வருகின்றன. இந்திய மரபுடைமை நிலையத்தில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம்.

குறையும் இருக்கிறது. நகரின் நடுவில், ஆங்கிலத்தில் நடக்கும் உரைக்கு தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி வரமாட்டார். யார் பேச வேண்டுமோ அவரே வராத கூட்டமாக அது முடிந்துவிடும். பதிவு செய்யப்படாத உரையும் பாட்டும் அன்றோடு காற்றில் போய்விடும். எனவே தமிழில், பகல் நேரத்தில், பெரியவர்கள் வந்துபோக வசதியுடன் நிகழ்ச்சி வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது பார்வையாளர்களின் உரிமை.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

• பழைய படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைப் பென்சிலால் மெதுவாக எழுதி வைக்கலாம். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறக்கூடும்.

• உரைக்குப் போகும்போது மூலப் பொருளைக் கொண்டுபோகத் தேவையில்லை. கைப்பேசியில் எடுத்த படம் போதும்.

• பொருளைக் கொடுப்பதென்றால் அது நன்கொடையா, இரவலா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நன்கொடையானால் திரும்பக் கேட்க முடியாது.

• பெரியவரின் பேச்சையோ பாட்டையோ பதிவு செய்யும்போது, தொடக்கத்திலேயே அவர் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டத்தின் தமிழ்ப் பெயர், பதிவேட்டுப் பெயர் ஆகியவற்றைச் சொல்லவைக்க வேண்டும். பதிவை இரண்டு இடங்களில் சேமிப்பது நல்லது.

• அருகில் அருங்காட்சியகம் இல்லாத ஊர்களில் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி மண்டபமோ போதும். பத்துப் பழைய படங்களும் ஒரு திரையும் நான்கு பெரியவர்களும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதை நிறைவாக நடத்தலாம்.

மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டு தடை செய்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு அத்துடன் ஓய்ந்தது. அந்தக் கடைசிக் கப்பல்களில் கைக்குழந்தையாக வந்தவருக்கும் இன்று 85 வயதுக்கு மேல் இருக்கும். அடுத்த நிகழ்ச்சி எப்போது, எந்த மொழியில் என்று விசாரித்து, வீட்டிலுள்ள மூத்தவரைக் கூட்டிச்சென்று முன்வரிசையில் உட்காரவைப்பது முதலில் செய்ய வேண்டிய வேலை.