பொதியைப் பிரித்தாலும் தொடர்பு அறாமல்

லினக்ஸ் பணிசெயல் முறைமையில் மென்பொருள்கள் பொதிகளாக வந்து சேர்கின்றன. அவற்றைப் பற்றிப் படித்தபோது என்னை மிகவும் கவர்ந்தது, ஒரு பொதியை இரண்டாகப் பிரிக்கும் வேலைதான்.

1993இல் இயன் மேர்டொக் ஆரம்பித்த டெபியனை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு பொதியும் தான் இயங்குவதற்கு வேறு எந்தப் பொதிகள் தேவை என்பதைக் குறித்து வைத்திருக்கும். இதுவே சார்பு.

'பிஎஸ்டி மெயின் யூட்டில்ஸ்' என்ற பழைய பொதியில், நாட்காட்டி காட்டும் 'கேல்', கோப்பின் பைட்டுகளைக் காட்டும் 'ஹெக்ஸ்டம்ப்' முதலிய சிறு கருவிகள் ஒன்றாக இருந்தன. 2021இல் வெளிவந்த டெபியன் 11இல் கேல் 'என்கேல்' பொதிக்கும், ஹெக்ஸ்டம்ப் 'பிஎஸ்டி எக்ஸ்ட்ரா யூட்டில்ஸ்' பொதிக்கும் சென்றன.

இப்படிப் பிரிக்கும்போது இரண்டு சிக்கல்கள் எழும்.

முதலாவது, ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருப்பது போன்றது. பழைய பொதி கணினியில் இருக்கும்போதே புதியதும் அதே கோப்பைக் கொண்டு வந்தால், நிறுவும் கருவி மறுத்துவிடும். ஆகவே புதிய பொதியில் இரண்டு குறிப்புகள் எழுதப்படும். 'பழைய பொதியின் இக்கோப்பை நான் பொறுப்பேற்கிறேன்' என்பது ஒன்று. 'பிரிவினைக்கு முந்திய பதிப்பு என்னோடு சேர்ந்திருக்கக் கூடாது' என்பது மற்றது. முதற் குறிப்பு மட்டும் இருந்தால், பிறகு புதிய பொதியை நீக்கும்போது கோப்பும் போய்விடும். பழைய பொதி குறையோடு நிற்கும்.

இரண்டாவது, சார்ந்திருப்போரின் நிலை. கிராம சேவகர் பிரிவு இரண்டானாலும் கடிதங்கள் சில காலம் பழைய முகவரிக்கே வரும். அதுபோல, பழைய பெயரை நம்பிய பொதிகளும் மனிதர்களும் இருப்பார்கள். அதனால் பழைய பெயரில் கருவிகள் எதுவுமற்ற ஓர் இடைக்காலப் பொதி வைக்கப்படும். அதன் வேலை, புதிய பொதிகளை அழைத்து வருவது மட்டுமே. இதற்கிடையில் யார் யார் சார்ந்திருக்கிறார்கள் என்று தேடி, அவர்களின் குறிப்புகளைத் திருத்த வேண்டும். எல்லோரும் மாறிய பின்னரே பழைய பெயரை அகற்றலாம்.

இவ்வேலை சரியாக நடந்தால் பாவனையாளருக்கு எதுவும் தெரியாது. தவறினால், எங்கோ ஒருவரின் கணினியில் நேற்றுவரை இயங்கிய நிரல் இன்று நின்றுவிடும். முகம் தெரியாதவர் நம்மீது வைத்த நம்பிக்கையும் ஓர் அமானிதமே. கணினித் துறைக்குச் செல்ல விரும்பும் தோழியர், நிரல் எழுதுவதோடு இந்தப் பொறுப்பையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.