பொய்க் கணக்கு எழுத மறுத்தவர்கள்

1986-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் மணிலா. கடலோரத்தில் ஒரு பெரிய மாநாட்டு மண்டபம். அங்கே ஜனாதிபதி தேர்தலின் ஓட்டுக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றின் முன்னால் இளவயது ஊழியர்கள். பெரும்பாலோர் பெண்கள். ஊர் ஊராக வந்த ஓட்டு விவரத்தை அவர்கள் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெரிய பலகை. மொத்தக் கணக்கு அதில் தெரியும்.

ஊழியர்கள் பலகையைப் பார்த்தார்கள். திகைத்துப் போனார்கள்.

அவர்கள் பதிந்த கணக்கு ஒன்று. பலகையில் தெரிந்த கணக்கு வேறு!

அவ்வளவுதான். இருக்கையை விட்டு எழுந்தார்கள். சுமார் 35 பேர் கூட்டமாக வெளியே நடந்தார்கள். சிலர் அழுதுவிட்டார்கள். உயிருக்கு அஞ்சி, நகரில் உள்ள மாதா கோவில் ஒன்றில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்கு முன்னின்ற பெண், ஓர் இளம் ராணுவ அதிகாரியின் மனைவி.

அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்கள் கல் எறியவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினார்கள். அதைத்தான் செய்தார்கள்.

அடுத்த 16 நாட்களில், 20 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது!

யார் அந்த ஜனாதிபதி?

அவர் பெயர் பெர்டினாண்ட் மார்க்கோஸ். கெட்டிக்கார வக்கீல். பேச்சில் வல்லவர். 1965-ம் ஆண்டு ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969-ல் மறுபடியும் ஜெயித்தார். அன்றைய அந்த நாட்டுச் சட்டப்படி ஒருவர் தொடர்ந்து எட்டு ஆண்டுக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது.

ஆனால் பதவியை விட மார்க்கோசுக்கு மனம் இல்லை. 1972 செப்டம்பரில் நாடு முழுவதும் ராணுவச் சட்டத்தை அமல்படுத்தினார். பார்லிமெண்டு மூடப்பட்டது. பத்திரிகைகள் மூடப்பட்டன. எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பல்லாயிரம் பேர் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். பலர் சித்திரவதைக்கு ஆளானார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை.

1981-ல் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. அது காகித அளவில்தான். அதிகாரம் முழுவதும் மார்க்கோசின் கையிலேயே இருந்தது. அவருடைய நண்பர்களும் உறவினர்களும் கோடீசுவரர்கள் ஆனார்கள். நாடோ கடனில் மூழ்கியது.

விமான நிலையத்தில் விழுந்த பிணம்

மார்க்கோசின் பெரிய எதிரி பெனிக்னோ அக்கினோ. முன்னாள் செனட்டர். ராணுவச் சட்டம் வந்ததும் முதலில் கைதானவர்களில் அவரும் ஒருவர். ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். ராணுவக் கோர்ட்டு அவருக்கு மரண தண்டனை கூட விதித்தது. 1980-ல் இருதய நோய் வந்ததால், சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல அனுமதித்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1983 ஆகஸ்டு 21-ந் தேதி அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். விமானம் மணிலாவில் இறங்கியது. ராணுவத்தினர் உள்ளே வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். அவர் விமானப் படிக்கட்டில் இறங்கினார். துப்பாக்கி வெடித்தது. தாய் மண்ணில் பிணமாக விழுந்தார்!

அவருடைய இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்தார்கள். அதுவரை வீட்டுக்குள் முணுமுணுத்தவர்கள் அன்று வீதிக்கு வந்தார்கள்.

"எனக்கு அனுபவம் இல்லைதான்"

1985 நவம்பரில் மார்க்கோஸ் திடீரென்று தேர்தல் அறிவித்தார். எதிர்க்கட்சிகள் ஒன்று சேராது, சுலபமாக ஜெயித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு தப்பியது. எதிர்க்கட்சிகள் அக்கினோவின் விதவை கொரசானை வேட்பாளராக நிறுத்தின. ஐந்து குழந்தைகளின் தாய். ஜனங்கள் அவரைச் செல்லமாக 'கோரி' என்று அழைத்தார்கள்.

"வீட்டுப் பெண்ணுக்கு அரசியலில் என்ன அனுபவம்?" என்று ஆளும் கட்சியினர் ஏளனம் செய்தார்கள். கோரி அதை மறுக்கவில்லை. திருடுவதிலும், பொய் சொல்வதிலும், எதிரியைக் கொல்வதிலும் தனக்கு அனுபவம் இல்லைதான் என்று பதில் கொடுத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அவர் அணிந்தது மஞ்சள் உடை. அவர் போன ஊரெல்லாம் மஞ்சள் நிறமாக மாறியது.

ஓட்டுப் பெட்டிக்குக் காவல்

பிப்ரவரி 7-ந் தேதி ஓட்டுப் பதிவு. காலையிலேயே நீண்ட வரிசைகள்.

பலருக்கு ஓட்டர் பட்டியலில் பெயரே இல்லை! வருஷக்கணக்காக ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சில இடங்களில் ரவுடிகள் புகுந்து ஓட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில இடங்களில் ஓட்டுக்குப் பணம் கைமாறியது.

இது நடக்கும் என்று ஜனங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே பொதுமக்கள் சங்கம் ஒன்று லட்சக்கணக்கான தொண்டர்களைச் சாவடிகளுக்கு அனுப்பியிருந்தது. பள்ளி ஆசிரியைகள், மாணவர்கள், கன்னியாஸ்திரீகள், குடும்பப் பெண்கள். சிலர் கைகோத்து நின்று பெட்டிகளுக்கு வேலி போட்டார்கள். சாவடியில் எண்ணிய ஓட்டுக்கு நகல் எடுத்து, தனியாகக் கூட்டிப் பார்த்தார்கள்.

அதனால் நாட்டில் இரண்டு கணக்குகள் வந்தன. சர்க்கார் கணக்கில் மார்க்கோஸ் முன்னணி. தொண்டர்கள் கணக்கில் கோரி முன்னணி. இந்தக் குழப்பத்தின் நடுவில்தான், சர்க்காரின் சொந்த ஊழியர்களே கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போனார்கள். எந்தக் கணக்கு உண்மை என்று இனி யாரும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

உண்மைக்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. பிப்ரவரி 11-ந் தேதி, ஆன்டிக் மாகாணத்தில் கோரியின் கட்சிக்காக உழைத்த முன்னாள் கவர்னர் எவெலியோ ஜாவியரைக் கொலைகாரர்கள் பட்டப்பகலில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

பணத்தை எடுத்தார்கள்

ஆளும் கட்சியின் கையில் இருந்த பார்லிமெண்டு, பிப்ரவரி 15-ந் தேதி மார்க்கோஸ் ஜெயித்ததாக அறிவித்தது. 15 லட்சம் ஓட்டு வித்தியாசம் என்றது. தொண்டர்களின் கணக்கிலோ கோரிதான் ஏழு லட்சத்துக்கு மேல் அதிகம் பெற்றிருந்தார்.

மறுநாள் மணிலாவின் பெரிய மைதானத்தில் மனிதக் கடல். "கலகம் வேண்டாம், ஒத்துழைக்காமல் இருங்கள்" என்றார் கோரி. மார்க்கோசின் நண்பர்கள் நடத்தும் பாங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துவிடுங்கள், அவர்களுடைய பத்திரிகையை வாங்காதீர்கள், அவர்கள் விற்கும் சாராய பானத்தைக் குடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஜனங்கள் கேட்டார்கள். பாங்கிகளில் கூட்டம் மொய்த்தது. கத்தோலிக்க மேற்றிராணிமார்களும் வாய் திறந்தார்கள். மோசடியால் வந்த அதிகாரத்துக்குத் தர்ம நியாயம் கிடையாது என்று அறிக்கை விட்டார்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அது இடி போல் விழுந்தது.

பட்டாளத்தைக் காத்த ஜனங்கள்

பிப்ரவரி 22-ந் தேதி, சனிக்கிழமை. யாரும் எதிர்பாராத திருப்பம்!

ராணுவ மந்திரி என்ரிலேயும், ராணுவத்தின் துணைத் தளபதி ராமோசும் மார்க்கோசைக் கைவிட்டார்கள். இருவரும் பல ஆண்டுகள் அவருடைய வலது கை போல் இருந்தவர்கள். என்ரிலேயைச் சேர்ந்த இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்க ரகசியத் திட்டம் போட்டிருந்தார்கள். அது வெளியாகிவிட்டது. கைதாகும் முன்னால் அவர்கள் ராணுவ முகாமுக்குள் புகுந்துகொண்டார்கள்.

அன்று என்ரிலே நிருபர்களிடம் ஓர் உண்மையைக் கக்கினார். தன் சொந்தப் பகுதியில் மட்டும் சுமார் 3½ லட்சம் ஓட்டுகள் மார்க்கோசுக்காகக் கள்ளத்தனமாகச் சேர்க்கப்பட்டன என்றார்!

அவர்களிடம் இருந்தது சில நூறு சிப்பாய்கள்தான். மார்க்கோஸ் நினைத்தால் விடிவதற்குள் நசுக்கிவிடலாம்.

அப்போது கத்தோலிக்க ரேடியோவில் ஒரு குரல் கேட்டது. பேசியவர் மணிலாவின் கார்டினல் சின். முகாமில் இருப்பவர்களைக் காப்பாற்றுங்கள், அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள் என்று வேண்டினார்.

ஜனங்கள் புறப்பட்டார்கள். ஜனங்களைக் காக்கப் பட்டாளம் உண்டு. பட்டாளத்தைக் காக்க ஜனங்கள் போனதை அன்றுதான் உலகம் பார்த்தது!

முகாம்களுக்கு நடுவே ஓடும் அகலமான சாலையின் பெயர் 'எட்சா'. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பெற்றோர் அங்கே வந்தார்கள். பாட்டிமார் ஜெபமாலையுடன் வந்தார்கள். சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சாலை லட்சக்கணக்கான தலைகளால் நிறைந்தது.

டாங்கிகளுக்கு முன்னால்

அன்று பிற்பகல் டாங்கிகள் வந்தன. கூட்டம் விலகவில்லை. கன்னியாஸ்திரீகள் டாங்கிகளுக்கு எதிரே முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். பெண்கள் சிப்பாய்களுக்குப் பூவும் ரொட்டியும் நீட்டினார்கள். இரும்பு வண்டிகள் உறுமின. கூட்டம் அசையவில்லை. டாங்கிகள்தான் திரும்பின!

திங்கட்கிழமை விடியற்காலை. வானத்தில் ஹெலிகாப்டர்களின் சத்தம். 'குண்டு போடத்தான் வருகிறார்கள்' என்று ஜனங்கள் நடுங்கினார்கள். ஹெலிகாப்டர்கள் முகாமைச் சுற்றின. பிறகு முகாமுக்குள்ளேயே இறங்கின. தாக்க அனுப்பப்பட்ட விமானிகள் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார்கள்!

அதே காலையில் இன்னொரு சோதனை. கடற்படை வீரர்கள் எதிர் முகாமில் பீரங்கிகளை நிறுத்தி, குறி பார்த்துவிட்டார்கள். "சுடு" என்று மேலிடத்து உத்தரவும் வந்துவிட்டது. அங்கிருந்த கர்னல் சுடவில்லை. முடியாது என்றும் அவர் சொல்லவில்லை. இன்னும் பீரங்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று திரும்பத் திரும்பப் பதில் அனுப்பினார். அவர் கடத்திய நேரம் எத்தனையோ குடும்பங்களின் உயிரைக் காத்தது.

ஒரே நாள் - இரண்டு ஜனாதிபதிகள்

பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை. காலையில் ஒரு கிளப் கட்டடத்தில் கோரி ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். நண்பகலில் அரண்மனையில் மார்க்கோசும் பிரமாணம் எடுத்துக்கொண்டார்! அந்தக் காட்சியை டெலிவிஷனில் காட்டினார்கள். திடீரென்று படம் நின்றுபோனது. ஒலிபரப்பு நிலையமும் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அன்று இரவு மார்க்கோஸ் குடும்பத்தை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏற்றிச் சென்றன. அவர்கள் ஹவாய் தீவுக்குப் போனார்கள். அரண்மனைக்குள் நுழைந்தவர்கள், மனைவி இமெல்டா விட்டுப்போன காலணிகளைப் பார்த்து மலைத்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரம் ஜோடிக்கு மேல்!

அதற்குப் பிறகு

1987-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஆறு ஆண்டு ஒரே ஒரு தடவைதான் பதவி வகிக்கலாம் என்று அதில் எழுதி வைத்தார்கள். மார்க்கோஸ் 1989-ல் ஹவாயிலேயே இறந்தார். அவர் சுவிட்சர்லாந்து பாங்கியில் பதுக்கிய பணத்தின் ஒரு பகுதி மீட்கப்பட்டது. 2013-ல் வந்த சட்டப்படி, அவர் ஆட்சியில் கொடுமைக்கு ஆளானவர்கள் என 11,103 பேர் அங்கீகரிக்கப்பட்டு, அந்தப் பணத்திலிருந்து அவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது.

ஆனால் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. கோரியின் ஆட்சியில் ராணுவத்தினர் பல தடவை கலகம் செய்தார்கள். ஏழைகளின் வறுமை தீரவில்லை. அந்த ஏமாற்றத்தில் பழைய கொடுமைகள் மெல்ல மறந்தன. 2022-ம் ஆண்டு தேர்தலில் ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒருவரை ஜனாதிபதி ஆக்கினார்கள். அவர் வேறு யாரும் அல்ல. மார்க்கோசின் மகன்!

அப்படியானால் எட்சாவில் நின்றவர்கள் தோற்றுவிட்டார்களா?

இல்லை. அவர்கள் போராடியது, தாங்கள் போட்ட ஓட்டு சரியாக எண்ணப்பட வேண்டும் என்பதற்காக. யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது ஒவ்வொரு தலைமுறையும் தானே யோசித்து முடிவு செய்யவேண்டிய காரியம். மறந்துபோனால், அந்த மறதிக்கும் அவர்களே பொறுப்பு.

டாங்கிகள் நின்ற இடத்துக்கு அருகே இன்று ஒரு மாதா கோவில் இருக்கிறது. அதன் மேல் பெரிய மாதா சிலை. கீழே சாலையில் மோட்டார்கள் ஓயாமல் ஓடுகின்றன.

சர்வாதிகாரி தன் கையால் ஓட்டு எண்ணுவதில்லை. தன் கையால் பீரங்கி சுடுவதில்லை. அதற்கெல்லாம் அவருக்குப் பிறர் கை வேண்டும். பிப்ரவரி 9-ந் தேதி இரவு, சம்பளத்துக்கு வேலை பார்த்த 35 பேர் அந்தக் கையைத் தர மறுத்தார்கள். பிறகு பாங்கியில் பணம் போட்டவர்கள் மறுத்தார்கள். விமானிகள் மறுத்தார்கள். கடைசியில் அரண்மனையில் மிஞ்சியது மார்க்கோசின் இரண்டு கைகள்தான்.