பதிந்து வைத்த இசைத்தொடர்கள்

மேனாட்டுச் சங்கீதத்திற் பெரு வாத்தியக் குழு என்பது ஒரு சிற்றூரை ஒத்தது. வயலின், வியோலா, செலோ முதலிய நரம்புக் கருவிகளும், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற் முதலிய துளைக் கருவிகளும், ட்ரம்பெற், ட்ரொம்போன் முதலிய பித்தளைக் கருவிகளும், முழவுகளுமாக எண்பது தொண்ணூறு பேர் ஒருவருடைய கையசைவுக்கு அடங்கி வாசிப்பர். அத்தகைய குழுவை ஒரு நாளைக்கேனும் அமர்த்துவதற்கு வேண்டிய பொருள் பெரும்பாலான இசையமைப்பாளருக்கு வாய்ப்பதில்லை. ஆயினும் இன்று திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் விளம்பரங்களிலும் ஒலிக்கும் வாத்தியக் குழு இசை யாவும் மண்டபங்களிற் கூடி வாசிக்கப்பட்டதன்று. தனியறையிற் கணினியின் முன்னமர்ந்த ஒருவர் ஆக்கியதும் அதிற் பலவுண்டு. அவருக்குக் கைகொடுப்பன ஒலிநூலகங்கள்.

ஒலிநூலகங்கள் இருவகைப்படும். முதல் வகையில் ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே பதிந்து வைக்கப்பட்டிருக்கும். பியானோவிற் போன்ற கட்டைகளை அழுத்தினால் அச்சுரங்கள் ஒலிக்கும். அவற்றைக் கோத்து இசையாக்குவது அமைப்பாளரின் பொறுப்பு. இரண்டாவது வகையிற் பதிந்திருப்பவை தனிச் சுரங்களல்ல. குழுவினர் சேர்ந்து வாசித்த முழு இசைத்தொடர்கள். ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு அல்லது நான்கு தாளவட்டங்களுக்கு நீளும் ஒரு தொடர், ஏற்ற இறக்கங்களுடனும் மூச்சுடனும் எழுகிறது. இந்த இரண்டாம் வகையே இசையமைப்பு என்னும் தொழிலின் பொருளைப் பற்றிச் சில வினாக்களை எழுப்பியுள்ளது.

தனிச் சுரங்கள் கைவசமிருக்கையில் முழுத் தொடர்களைப் பதிவதற்குக் காரணம் என்ன? கருநாடக சங்கீதத்திற் பழகிய செவிகளுக்கு இதனை விளக்குதல் எளிது. தோடி இராகத்தின் காந்தாரத்தைத் தனியே நிறுத்திப் பாடினால் தோடி பிறப்பதில்லை. அச்சுரம் அயற் சுரங்களைத் தொட்டு அசைந்து வரும்போதே இராகம் முகங்காட்டுகிறது. மேனாட்டுக் கருவியிசைக்கும் இது ஓரளவு பொருந்தும. வயலின் வாசிப்பவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் செல்லும்போது விரலின் நழுவலும் வில்லின் திருப்பமும் ஒலியில் தங்கிவிடுகின்றன. வெவ்வேறு வேளையிற் பதிந்த சுரங்களை அடுத்தடுத்து வைத்தால் அந்த இணைப்பு கிடைப்பதில்லை. தனித்தனியே பதிந்த சொற்களை ஒட்டி ஆக்கிய புகையிரத நிலைய அறிவித்தலைக் கேட்டோர், சொற்கள் சரியாயிருந்தும் வாக்கியம் உயிரற்றிருப்பதை அறிவர். முழு வாக்கியத்தையும் ஒருவரே ஒரே மூச்சிற் பேசிப் பதிந்தால் அக்குறை நேராது. இசைத்தொடர் நூலகத்தின் அடிப்படை இதுவே.

இவ்வெண்ணம் கணினிக்கு முந்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே ஹரி சேம்பர்லின் என்பவர் 1940களின் இறுதியில், காந்த நாடாவிற் பதிந்த ஒலியைக் கொண்டு இயங்கும் கருவிகளை ஆக்கத் தொடங்கினார். அவருடைய தொடக்கக் கருவிகளுள் ஒன்றிற் பதிந்திருந்தவை முழுமையான முழவுத் தாளங்களாகும். அதாவது, இத்துறை தொடக்கத்திலேயே தொடர்களைக் கையாண்டது. 1962ஆம் ஆண்டில் அவருடைய விற்பனையாளர் ஒருவர் இரண்டு கருவிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே பேர்மிங்ஹாம் நகரத்துச் சகோதரர் மூவர் அவற்றைத் திருத்தியமைத்து, 1963இல் ‘மெலோற்றன்’ என்னும் கருவியை வெளியிட்டனர்.

மெலோற்றனின் இயக்கம் எளியது. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி ஒலிக்கும். விட்டால் வில்லின் விசையாற் பழைய இடத்துக்குத் திரும்பும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு விநாடிக்கே போதுமானது. அதனால் எந்த ஒலியையும் அதற்குமேல் நீட்ட இயலாது. இக்கருவியின் இரண்டாம் வடிவத்தில் முப்பத்தைந்து கட்டைகள் கொண்ட வரிசைகள் இரண்டு இருந்தன. வலப்புற வரிசையில் வயலின், புல்லாங்குழல் முதலியவற்றின் தனிச் சுரங்கள் இருந்தன. இடப்புற வரிசையிலோ தாளங்களும், துணையிசையும், குழுவாக வாசித்த சிறு தொடர்களும் இருந்தன. வீட்டுக் கூடத்தில் ஒருவர் இரு கைகளாலும் ஒரு நடனக் குழுவையே இயக்கலாம் என்பது செய்தவர்களின் எண்ணம். வானொலிக்கும் இது உதவிற்று: கதவின் ஓசை, குதிரைக் குளம்பொலி முதலிய நாடக ஒலிகளைப் பதிந்த மெலோற்றன்களைப் பி.பி.சி. நிறுவனம் பயன்படுத்தியது.

பீற்றில்ஸ் குழுவினரின் இரண்டு பாடல்கள் இருவகை நூலகங்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவன. 1967இல் வெளிவந்த ‘ஸ்ட்ரோபெரி பீல்ட்ஸ் ஃபொர் எவர்’ என்னும் பாடலின் தொடக்கத்திற் கேட்கும் குழலோசை மெலோற்றனின் தனிச் சுரங்களாலானது. சுரங்கள் கருவியினுடையவை, அவற்றின் கோவை அமைத்தவர்களுடையது. 1968இல் வெளிவந்த ‘தி கொன்ரினியூயிங் ஸ்ரோரி ஒஃப் பங்களோ பில்’ என்னும் பாடலோ ஸ்பானிய முறையில் அமைந்த கித்தார் வாசிப்பொன்றுடன் தொடங்குகிறது. அது மெலோற்றனில் ஏற்கெனவே பதிந்திருந்த தொடர். குழுவிலுள்ள எவரும் அதனை வாசிக்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தினர். கேட்போரிற் பலர் அவ்விரல் வன்மையைக் குழுவினருடையதென்றே கருதினர்.

இத்தகைய கருவிகளை வாத்தியக்காரர்கள் அச்சத்துடன் நோக்கினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1920களின் இறுதியிற் பேசும்படம் வந்தபோது, ஊமைப்படங்களுக்குத் திரையின் முன்னமர்ந்து வாசித்த ஆயிரக்கணக்கானோர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வேலையிழந்தனர். அந்நினைவு மறையாத காலத்திலேயே மெலோற்றன் வந்தது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அதனை ஐயத்துடன் எதிர்கொண்டது. 1982இல் அச்சங்கத்தின் லண்டன் கிளையொன்று, மின்னொலி ஆக்கிகளின் பயன்பாட்டைத் தடுக்க வேண்டுமென்று தீர்மானமும் நிறைவேற்றியது. தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது.

நாடாவின் இடத்தை எண்முறைப் பதிவு பிடித்தது 1970களின் இறுதியிலாகும். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1979இல் உருவான ‘ஃபெயார்லைற்’ என்னும் கணினி வாத்தியம் ஒலியை எண்களாக மாற்றி நினைவிலே வைத்தது. அதன் தொடக்க வடிவங்களில் ஒரு குரலுக்குக் கிடைத்த நினைவு ஏறத்தாழ ஒரு விநாடிக்கே போதுமாயிருந்தது. அச்சிறு இடத்திற்குள்ளும் முழு வாத்தியக் குழுவொன்று புகுந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி 1910இல் இயற்றிய ‘தீப்பறவை’ என்னும் நடன இசையில், குழு முழுவதும் ஒருங்கே அதிரும் ஓர் அடி வருகிறது. இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்ட அவ்வடி, ஃபெயார்லைற்றுடன் வழங்கிய ஒலித்தொகுதியில் இடம்பெற்றது. 1982இல் நியூயோர்க்கில் ஆக்கப்பட்ட ‘பிளானற் றொக்’ என்னும் பாடல் அதனைப் பயன்படுத்தியபின் நூற்றுக்கணக்கான பாடல்களில் அதே அதிர்ச்சி ஒலித்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயரையும் கேட்டறியாத இளைஞர் அதற்கு ஆடினர்.

பின்னர்க் கணினியின் நினைவு பெருகப் பெருக, பதிவும் நுணுகியது. 2000ஆம் ஆண்டில் வியன்னாவிலே செலோக் கலைஞராயிருந்த ஒருவர் நிறுவிய ‘வியன்னா சிம்பொனிக் லைப்ரரி’, சுரத்திலிருந்து சுரத்துக்குச் செல்லும் நழுவல்களையும் பதிந்தது. தொடர்களையே முதன்மையாகக் கொண்ட நூலகங்களும் பெருகின. நெதர்லாந்திலுள்ள ‘சொனோகினெற்றிக்’ என்னும் நிறுவனம் அத்துறையிற் பெயர்பெற்றது.

இத்தகைய நூலகம் எவ்வாறு ஆக்கப்படுகிறது? முதலில் இசையமைப்பாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான குறுந்தொடர்களை எழுதுகிறார். குழுவினர் காதிற் பொருத்திய கருவியில் ஒலிக்கும் தாளத் துடிப்பைக் கேட்டு, மாறாத காலப்பிரமாணத்தில் அவற்றை வாசிக்கின்றனர். நரம்புக் கருவிகள், துளைக் கருவிகள், பித்தளைக் கருவிகள் எனப் பிரிவு பிரிவாகப் பதிவு நடைபெறும். பின்னர்ப் பயன்படுத்துவோர் வேண்டிய பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு இப்பிரிப்பு இன்றியமையாதது. ஒரே தொடரைப் பல சுருதிகளிலும், மேஜர், மைனர் என்னும் இருவகை இணைவுகளிலும் வாசிக்கும் வழக்கமும் உண்டு. தொடர் முடிந்தபின் மண்டபத்திலே தேயும் ஒலியும் பதியப்படும். அது இல்லையேல் ஒவ்வொரு தொடரும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும்.

பயன்படுத்துவோர் கட்டைகளில் ஓர் இணைவை அழுத்தியதும், மென்பொருள் அதற்குரிய பதிவைத் தேடியெடுத்து, பாடலின் காலப்பிரமாணத்துக்கேற்ப நீட்டியோ சுருக்கியோ ஒலிக்கச் செய்கிறது. இந்நீட்சிக்கும் எல்லையுண்டு. வாசித்த வேகத்திலிருந்து பெரிதும் விலகினால் வில்லின் தொடக்க வெட்டு மழுங்கி, ஒலி நீர்பட்ட மைபோற் பரவும். மூன்று துடிப்புத் தாளத்தில் வாசித்ததை நான்கு துடிப்புத் தாளத்தில் இயல்பாகப் பொருத்தவும் முடியாது.

இவற்றால் விளையும் நன்மைகள் பலவாகும். நாளை காலைக்குள் இசை வேண்டுமென்று கேட்கும் தயாரிப்பாளருக்குப் பணிசெய்யும் அமைப்பாளருக்கு இது பேருதவி. வாத்தியக் குழுவையே கண்டிராத மாணவர், நரம்புக் கருவிகள் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைக் கேட்டுக் கற்கலாம். சில நூலகங்கள் ஒவ்வொரு தொடரின் சுரக்குறிப்பையும் காட்டுவதால், கேட்டதைக் கண்ணாலும் படிக்கலாம். உண்மையான குழுவுக்கு எழுதுமுன் முன்மாதிரி ஒன்றை ஆக்கி இயக்குநருக்குக் காட்டவும் இவை பயன்படுகின்றன.

இடர்களும் உள. முதலாவது, ஒரே தொடரை விலைகொடுத்து வாங்கியவர் ஆயிரம் பேராயின், ஆயிரம் பாடல்களில் அது ஒலிக்கக்கூடும். வாத்தியக் குழு இசைக்கு வெளியே இதற்கு வெளிப்படையான சான்றுண்டு. 2007இல் றிஹானா பாடிப் புகழ்பெற்ற ‘அம்பிரெல்லா’ என்னும் பாடலின் முழவோசை, அப்பிள் நிறுவனத்தின் ‘கராஜ்பாண்ட்’ என்னும் மென்பொருளோடு யாவருக்கும் கிடைத்த ஆயத்தத் தொடராகும். உரிமை விதிகளின்படி அதிற் பிழையில்லை. இத்தகைய நூலகங்களின் உரிமப் பத்திரம், தொடர்களைப் புதிய ஆக்கத்திற் சேர்த்துக்கொள்ளப் பொதுவாக அனுமதிக்கும். தனித்தொடராகவே மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும். ஆயினும் இணையத்திற் பதிவுகளை ஒப்புநோக்கி உரிமையாளரைக் கண்டறியும் இயந்திரங்கள் இந்நுணுக்கத்தை அறியமாட்டா. ஒரே தொடரைப் பயன்படுத்திய இருவருள் முதலிற் பதிவுசெய்தவர் உரிமையாளராகவும், மற்றவர் கள்வராகவும் தோன்ற இடமுண்டு.

இரண்டாவது இடர் அமைப்பாளரின் உள்ளத்தைச் சார்ந்தது. தொடர் முன்னரே முடிந்த வடிவிற் கிடைப்பதால், மெட்டு அதற்கேற்ப வளைகிறது. ஓர் இடத்தில் இசை தயங்கி நிற்கவேண்டுமென்று காட்சி கேட்கலாம். பதிவிலுள்ள வயலின்களோ தயங்காமற் செல்கின்றன. தயக்கத்தைக் கைவிடுவது எளிது. இவ்வாறு பலமுறை கைவிட்டபின், எது தாம் நினைத்த இசை, எது பெட்டகத்திலிருந்து வந்த இசை என்பது அவருக்கே விளங்காமற்போகும்.

மூன்றாவது, வாசித்தவரின் பங்கு. குழுவில் வாசித்தவருக்குப் பொதுவாக அன்றைய பதிவுக்கான ஊதியம் ஒருமுறை கிடைக்கிறது. அவர் வாசிப்பு அதன்பின் எத்தனை படங்களில் ஒலித்தாலும் அவருக்கு மேலும் ஒன்றும் வராதிருக்கலாம். தாம் பெறக்கூடிய வேறு வேலையை அதே பதிவு பறித்தலும் கூடும். சில நிறுவனங்கள் விற்பனையில் ஒரு பங்கை வாசித்தோருக்கு அளிக்கின்றன. இம்முறை எங்கும் பரவுமாயின், 1960களில் எழுந்த அச்சத்துக்கு ஓரளவேனும் நீதியான மறுமொழி கிடைத்ததாகும்.

பண்பட்ட அமைப்பாளர் இத்தொடர்களைக் கையாளும் முறையில் மேற்கூறிய இடர்களுக்கு மருந்துண்டு. அவர் மெட்டை முதலில் தாமே எழுதுகிறார். தொடர்களைப் பின்னணிப் பரப்பாக மட்டும் கொள்கிறார். ஒரு தொடரின் நரம்புப் பகுதியை எடுத்து, அதன் பித்தளைப் பகுதியை விலக்கி, அவ்விடத்துக்குத் தாமே எழுதிய எதிர்மெட்டை அமைக்கிறார். காட்சி தயக்கத்தைக் கேட்கும் இடத்திற் பதிவை நிறுத்தி, தனிச் சுரங்களாலோ மௌனத்தாலோ அவ்விடத்தை நிரப்புகிறார். இயலுமாயின் ஒரு வயலின் கலைஞரையேனும் அழைத்து, முதன்மை மெட்டை நேரே வாசிக்கச் செய்கிறார். பதிந்த அறுபது பேருக்கு மேலே உயிருள்ள ஒருவர் வாசிக்கும்போது முழுக் குழுவும் அவரோடு சேர்ந்து மூச்சுவிடுவதுபோற் செவிக்குத் தோன்றும். ஒரு கலைஞருக்கு அன்றைய ஊதியமும் கிடைக்கும்.

நூலகத்திலிருந்து எடுத்த தொடர் எப்போதும் பிறர் பேசிய வாக்கியமாகும். அதனை எழுதியவரும் வாசித்தவரும் உளர் என்பதை மறவாதவர், அதற்குத் தாம் சொல்லும் மறுமொழியைத் தம் சொந்தச் சுரங்களில் எழுதுவார். கருவிகள் இன்னும் எவ்வளவு திறம்பெறினும், இசையமைப்பாளரிடம் கேட்போர் எதிர்பார்ப்பது அம்மறுமொழியையே.