யாருக்கு எழுதினோம்?

முன்னாளில் வீடுதோறும் ஒரு விலாசக் கொப்பி இருந்தது. உறவினர் வீடு மாறினால் பழைய விலாசத்தை வெட்டிவிட்டுப் புதியதைக் கீழே எழுதுவர். ஒரு பெயர் அதில் ஏற வேண்டுமாயின் ஒருவர் பேனா எடுத்தே ஆகவேண்டும். இன்று மின்னஞ்சலில் அவ்வேலையைக் கணினி தானே செய்துவிடுகிறது. அதனால் விளையும் இன்னலை நாம் அண்மையில் அனுபவித்தறிந்தோம்.

எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவனின் படிப்புக்கு உதவி வேண்டி அன்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். தந்தையின் நோய், தாயார் பட்ட கடன் யாவும் அதில் இருந்தன. அன்பரின் பெயரில் மூன்று எழுத்துக்களை அழுத்தியதும் கணினி ஒரு பெயரை நீட்டியது. நாமும் கவனியாது அனுப்பிவிட்டோம். மறுநாட் காலை, அதே வகுப்பில் பயிலும் வேறொரு பிள்ளையின் தகப்பனார் தொலைபேசியில், “மாஸ்டர், இது எனக்கு எழுதின கடிதம் இல்லைப் போலக் கிடக்கு” என்றார். அவருக்கும் அன்பருக்கும் பெயர் ஒன்று. முதலெழுத்து மட்டுமே வேறு. அவர் பெருந்தன்மையோடு அதனை அழித்துவிட்டார். கடிதமும் பின்னர் உரியவரைச் சேர்ந்தது. ஆயினும் மாணவனிடம் நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டபோது, அவன் தலைகுனிந்து நின்ற நிலையை எம்மால் மறக்க முடியவில்லை.

நாம் பாவிப்பது தண்டர்பேர்ட் என்னும் மென்பொருள். அதன் முதலாம் பதிப்பு 2004இல் வெளிவந்தது. அதில் இயல்பாகவே இரு விலாசப் புத்தகங்கள் உண்டு. ஒன்று, நாமே எழுதிச் சேர்ப்பது. மற்றையது ‘சேகரித்த விலாசங்கள்’. எவருக்கேனும் ஒருமுறை அஞ்சல் அனுப்பினால் அவர் விலாசம் தானாகவே அதிற் குடியேறிவிடும். பெயரைத் தட்டும்போது கணினி இரண்டிலும் தேடுகிறது. எமது இரண்டாம் புத்தகமோ பல ஆண்டுகள் கூட்டாத முற்றம்போற் கிடந்தது.

அடுத்த ஞாயிறன்று அதனைத் துப்புரவு செய்தோம். உறவினர், பெற்றோர், அலுவலகங்கள் எனப் புதிய புத்தகங்கள் திறந்து, வேண்டிய பெயர்களை அவ்வவற்றுக்கு இழுத்துச் சேர்த்தோம், வேண்டாதவற்றை அழித்தோம். தானாகச் சேகரிப்பதை அமைப்புகளிற் சென்று நிறுத்தினோம்.

பெயரெழுதுவதில் எம்மவர்க்கு ஒரு சங்கடம் உண்டு. கணினி கேட்பது முதற்பெயரும் குடும்பப் பெயரும்; எம்மிடம் இருப்பதோ தந்தையின் பெயரும் தம் பெயரும். இதற்கு வழி, ‘காட்சிப் பெயர்’ என்னும் கட்டத்தில் தந்தை பெயரையும் முழுமையாக எழுதி, இன்னார் என்பதையும் சேர்ப்பதே. தமிழிலேயே எழுதலாம்.

பெற்றோர் அனைவருக்கும் ஒரே அறிவித்தல் அனுப்புவதற்கு, அப்புத்தகத்தினுள் ஒரு பட்டியல் அமைத்தோம். அதனை மறைபிரதிக் கட்டத்தில் இட்டால் ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாது. இறுதியாக, புத்தகங்களின் பிரதியொன்றை எடுத்து வேறிடத்திற் சேமித்தோம்.

வீட்டிலுள்ள மாணவர்கள் தம் பெற்றோருக்கு இவ்வேலையை ஒருநாள் மாலையிற் செய்து கொடுக்கலாம். அதன் பின்னரும், அனுப்புமுன் பெறுநரின் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தல் நன்று.